தொப்புள் மட்டும் பாக்கி

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே உறுதியில்லை. சூலியேதி அம்மாளை அடக்கம் செய்த அன்று மழை பெய்தது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் மனைவி இல்லை என்கிறாள், போதகருக்கு வெயிலுக்காகக் குடை பிடித்தது அவளுக்கு நினைவிருக்கிறதாம். நான் கண்ணால் பார்த்ததும், அம்மாளின் மூத்த மகன் யோயேலு பிற்பாடு என்னிடம் சொன்னதும் இத்தனை வருஷங்களில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று இப்போது பிரிக்க முடியாது. ஆனால் அந்தப் பாயை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை.

சாவு வீட்டுக்குப் பாய்கள் வரும், போகும். பட்டுத்துணி போல மெல்லிசாக நெய்த பாய்கள். ஒன்றை நெய்து முடிக்க ஒரு பெண்ணுக்கு வருஷங்கள் ஆகும். அன்றைக்கும் வந்தன, வந்தவர்களுக்கெல்லாம் மரியாதைப்படி திருப்பியும் கொடுத்தார்கள். கடைசியில் திருப்பிக் கொடுக்கப் பாய் குறைந்தபோது, அம்மாவின் படுக்கைக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த ஒன்றை யாரோ இழுத்தார்கள். மகள் லிடாரா அதன்மேல் கையை வைத்தாள்.

"அதை வைங்க. அது சாவுக்கு இல்ல."

"பின்ன எதுக்கும்மா?"

"துஃபுகாவுக்கு. வேலை முடியுற அன்னிக்குக் குடுக்கணும்னு அம்மா சொல்லி வச்சிருக்காங்க."

துஃபுகா என்றால் பச்சை குத்துகிறவர். யாருடைய வேலை என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. சுவரில்லாத அந்தப் பெரிய வீட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கடைசித் தூணில் சாய்ந்திருந்த மூத்த மகனைப் பார்த்தார்கள். அந்த வெக்கையிலும் யோயேலு முழுக்கால்சட்டை போட்டிருந்தார். அவர் பாயைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். அன்று முழுக்க வேறு எதையும் பார்க்கவில்லை.

யோயேலுவுக்கு இருபத்திரண்டு வயதில் பெயா குத்தத் தொடங்கினார்கள். இடுப்பிலிருந்து முழங்கால் வரை, தோலில் இடைவெளி தெரியாமல் குத்துகிற பச்சை. எங்கள் சவாயீ தீவில் ஒரு ஆண் தன் குடும்பத்துக்காகத் தாங்குகிற வலி அது. யாரும் அதைத் தனியாகத் தாங்குவதில்லை. ஜோடி வேண்டும். இரண்டு பேர் அடுத்தடுத்த பாயில் படுத்து, மாறி மாறிக் குத்திக்கொண்டு, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகக் கடலில் இறங்கி, கடைசி நாள் தொப்புளைச் சுற்றிக் குத்தும் முத்திரையையும் ஒரே காலையில் வாங்கிக்கொள்ள வேண்டும். தொப்புள் முடிந்தால்தான் பெயா முடிந்தது. அதுவரைக்கும் அது அறுந்த கயிறு.

யோயேலுவின் ஜோடி பெரியப்பா மகன் மாலாகி. கீழ்முதுகு முடிந்தது, இடது தொடை முடிந்தது. வலது தொடையில் முழங்காலுக்குப் பின்னால், தோல் காகிதமாக இருக்கும் இடத்தில் பச்சை குத்தும் பல்சீப்பை வைத்த அன்று, யோயேலு எழுந்து கடலில் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனார். திரும்பி வரவில்லை. அடுத்த கப்பலில் ஆக்லாந்து போய்ச் சேர்ந்தார்.

மாலாகி பக்கத்தில் காலிப் பாயை வைத்துக்கொண்டு மிச்ச நாட்களைத் தனியாகப் படுத்து முடித்தான். அதற்கப்புறம் சாகும்வரை அவன் யோயேலுவின் பெயரைச் சொன்னதில்லை.

ஊர் பாதிப் பெயாவைப் பற்றிப் பேசியது. யோயேலு ஆக்லாந்தில் இறைச்சித் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் மாட்டுத் தொடைகளை அறுத்துக்கொண்டு நினைத்தது அந்தக் காலிப் பாயைப் பற்றித்தான். மனைவி இறந்து, அம்மாவும் படுக்கையில் விழுந்த பிறகே ஊருக்குத் திரும்பினார். அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தார், சோறு ஊட்டினார், முதுகு துடைத்துவிட்டார். அம்மா ஒருநாளும் பெயாவைப் பற்றிக் கேட்கவில்லை. தான் படுத்திருக்கும் இடத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்துத் தம்பி பெனியமினா அவரைத் தன் பேருந்தின் முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு பேச்சை எடுத்தான். பெனியமினாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து இருக்கும். பெருத்த உடம்பு. அவன் ஓட்டும் பேருந்தில் பாட்டுச் சத்தத்துக்குத் தேங்காய் உதிரும் என்பார்கள்.

"அண்ணே, நான் படுக்கப்போறேன்."

"படு. யார் வேணாம்னா?"

"தூங்க இல்ல. லேவி வீட்டுல."

லேவிதான் துஃபுகா. யோயேலுவுக்குப் பச்சை குத்திய பழைய துஃபுகாவின் மகன்.

யோயேலு தம்பியின் தொடையைப் பார்த்தார். "உனக்கு மை பத்தாதுடா. கப்பல்லதான் வரவழைக்கணும்."

"சிரிங்க, சிரிங்க. அம்மா போயிட்டாங்க. அவங்களுக்குன்னு நான் என்ன செஞ்சேன்? பஸ்ல டிக்கெட் வாங்காம ஏத்துனேன், அவ்ளோதான்."

"சர்க்கரை இருக்கே உனக்கு?"

"டாக்டர்கிட்ட கேட்டாச்சு. உடம்பு இரும்பு மாதிரி இருக்கு, தாராளமாப் படுன்னுட்டாரு."

"எந்த டாக்டர்?"

"பேரு மறந்துபோச்சு. நல்ல உயரமா இருப்பாரு."

யோயேலு அதை விட்டுவிட்டுக் கேட்டார். "ஜோடி யாரு?"

"மனோனோ தீவுலேர்ந்து நம்ம சித்தப்பா மகன் இயாகோபோ வரான். உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல. வந்து என் தலையைப் பிடிச்சுக்குங்க, போதும். நான் கத்துனா வாயைப் பொத்துங்க."

தலையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்பது உண்மைதான். யோயேலு சரி என்றார்.

லேவியின் வீட்டில் அன்று காலையிலேயே கூட்டம் கூடிவிட்டது. தோலை இழுத்துப் பிடிக்கிறவர்கள் இருவர், பாட வந்த நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர். இரண்டு பாய்கள் அடுத்தடுத்து விரித்திருந்தன. லிடாராவும் வந்திருந்தாள். ஆனால் உடன்பிறந்தவள் அண்ணன் தம்பியின் தொடையைப் பார்க்கக் கூடாது. அதனால் வீட்டின் ஓரத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அம்மா வைத்துவிட்டுப் போன பாய் சுருட்டியபடியே அவள் மடியில் இருந்தது.

வெயில் ஏறியது. இயாகோபோ வரவில்லை.

"படகைத் தவறவிட்டிருப்பான்," என்றான் பெனியமினா.

"எந்தப் படகு?" என்று யோயேலு கேட்டார்.

"ஒன்பது மணிப் படகு."

"இன்னிக்கு ஒன்பது மணிப் படகே கிடையாதே."

"அதான் வரலை போல."

யாரோ சிரித்து, பிறகு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். லேவி மைக்கிண்ணத்தைக் கலக்குவதை நிறுத்தினார். அவர் அதிகம் பேசாத ஆள். "ஜோடி இல்லாம நான் யாருக்கும் தொடங்குறதில்ல பெனி. தெரியும்ல? வீட்டுக்குப் போ."

பெனியமினா போகவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு முதல் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டான். கன்னத்தைப் பாயில் வைத்து, பக்கத்துக் காலிப் பாயின் திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.  பேசாமல் அவன் கிடந்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மனோனோவிலிருந்து யாரும் கிளம்பவே இல்லை என்பது யோயேலுவுக்கு அப்போது புரிந்தது. தன்னை நேரடியாகக் கூப்பிட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பார் என்பதும் புரிந்தது. வலிக்கு அவர் அஞ்சவில்லை. அறுபது தாண்டிய உடம்புக்கு வலி புதிது இல்லை. எழுந்து ஓடுகிறவன் தனக்குள் இன்னும் இருக்கிறானா இல்லையா என்பது தெரியாமலே செத்துப்போக வேண்டும் என்றுதான் அவர் இத்தனை காலம் விரும்பியிருந்தார். படுத்தால் தெரிந்துவிடும்.

அவர் காலிப் பாயையே வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முழுக்கால்சட்டையைக் கழற்றி மடித்துத் தூணோரம் வைத்துவிட்டு, இடுப்புத்துணியோடு வந்து படுத்தார். நாற்பது வருஷத்துக்குப் பிறகு அந்த இடது தொடையை ஊர் பார்த்தது. மை வெளிறிப் போயிருந்தது, கோடுகள் மட்டும் நேராகவே இருந்தன.

"எங்க அப்பா கை," என்றார் லேவி மெதுவாக.

"நீங்க ரொம்ப லேட்டு அண்ணே," என்றான் பெனியமினா. "எனக்கு மூக்கு அரிக்குது, சொறிஞ்சு விடுங்க."

சீப்பின்மேல் கோல் தட்டத் தொடங்கியது. லிடாரா முதுகைத் திருப்பியபடியே பாட்டை எடுத்துக்கொடுத்தாள்.

வலியைப் பற்றி யோயேலு என்னிடம் அதிகம் சொன்னதில்லை. முழங்காலுக்குப் பின்னால் சீப்பு வந்த அன்று கண்ணை மூடிக்கொண்டாராம். பழைய இடம். கால் தானாகவே மடங்கப் பார்த்தது. அப்போது பக்கத்துப் பாயிலிருந்து ஒரு கொழுத்த கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. தம்பி அரைத் தூக்கத்தில் இருந்தான். பிடி மட்டும் இறுகியிருந்தது. லேவி அந்த இடத்தைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான், தாண்டிவிட்டது என்பதே யோயேலுவுக்குத் தெரிந்தது. அந்த ஓடுகிறவன் வரவே இல்லை.

மாலையில் இரண்டு பேரும் கடலுக்குப் போவார்கள். காலை அகட்டி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கடற்கரையின் பாதித் தூரத்தை நண்டு வேகத்தில் கடப்பார்கள். பெனியமினாவின் மனைவி கரையிலிருந்து கத்துவாள்: "எது பஸ்சு, எது டிரைவருன்னே தெரியலையே!" இடுப்பளவு தண்ணீரில் நின்று, அண்ணன் தன் தம்பியின் தொடையை உள்ளங்கையால் அழுத்தி ரத்தமும் மையும் வெளியேறப் பிசைந்துவிடுவார். பிறகு தம்பி அண்ணனுக்கு. தொழிற்சாலையில் இத்தனை வருஷம் தொடைகளை அறுத்த கை அது. உயிருள்ள ஒன்றை அந்தக் கை இவ்வளவு பக்குவமாகத் தொடும் என்று அவருக்கே தெரியாது.

அவர்கள் பேசிக்கொண்டது குறைவு. ஒருநாள் பெனியமினா கேட்டான். "அன்னிக்கு ஓடுனீங்களே, கடல்ல இறங்கினீங்களா, நேரா ரோட்டுக்கே போயிட்டீங்களா?"

"இறங்கினேன். கழுவினேன். திரும்பி வரணும்னுதான் கழுவினேன்."

"அப்புறம்?"

"மாலாகி பாட ஆரம்பிச்சான். எனக்குக் கேக்கட்டும்னு சத்தமா பாடினான். அந்தச் சத்தத்தைத் தாங்க முடியல."

 அலை வந்து இருவர் வயிற்றிலும் மோதிவிட்டுத் திரும்பியது. இருட்டும் வரை அங்கேயே நின்றார்கள்.

யோயேலுவுக்கு மிச்சமிருந்தது ஒரு தொடையும் வயிறும்தான். பெனியமினாவுக்கு எல்லாமே. அண்ணனுக்குத் தொப்புள் மட்டும் பாக்கி என்றபோது தம்பிக்கு இரண்டாவது தொடை நடந்துகொண்டிருந்தது. அவன் முடிக்கட்டும், இரண்டு பேருக்கும் ஒரே காலையில் முத்திரை வைத்துவிடலாம் என்று லேவி சொல்லியிருந்தார். விருந்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. பன்றிகள் ஏற்பாடாகிவிட்டன.

அந்த வாரத்தில் ஒரு மாலை, கடலில் தம்பியின் காலைப் பிசைந்துகொண்டிருந்த யோயேலுவின் கை நின்றது.

"டேய். இது கொதிக்குது."

"கடல் சூடு அண்ணே."

"கடல் சில்லுனு இருக்கு."

"அப்ப உங்க கை சூடு."

"பெனி. அந்த உயரமான டாக்டர் என்ன சொன்னாரு?"

பெனியமினா கொஞ்சம் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, சின்னப் பையனைப் போலத் தண்ணீரைப் பார்த்தான். "போனாத்தான சொல்லுவாரு? போனா வேணாம்பாரு. அதான் போகலை."

அன்றே அவனுடைய பேருந்திலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த டாக்டர் ஒரு குட்டையான பெண். காலைப் பார்த்தாள், சர்க்கரையைப் பார்த்தாள். "இன்னும் ஒரு குத்து விழுந்தாலும் இந்தக் கால் உங்களுக்கு இல்ல. இப்போதைக்குக் குத்த வேணாம்னு சொல்லல. எப்பவுமே கூடாது," என்றாள். கட்டிலில் கிடந்த பெனியமினா அண்ணனைப் பார்த்துச் சொன்னான்: "நல்லதாப் போச்சு. மை மிச்சம். நீங்க போய் முடிச்சுட்டு வாங்க. ஊரே சமைச்சு வச்சிருக்கு."

விருந்து நாள் வந்தது. இதில் எனக்குக் குழப்பம் இல்லை. நான் மூன்று அடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். ஊர்த் தலைவர்கள் தூண்களுக்கு முன்னால் வரிசையாக இருந்தார்கள். முடிந்ததும் உடம்பில் பூச எண்ணெய் தயாராக இருந்தது. சடங்குப்படி தலையில் உடைக்க முட்டைகளும் இருந்தன. லிடாரா வழக்கமான இடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். யோயேலு மல்லாந்து படுத்தார். பழக்கத்தில் யாரோ இரண்டாவது பாயையும் விரித்திருந்தார்கள்.

லேவி சீப்பை மையில் தோய்த்தார். யோயேலு தலையைப் பக்கத்தில் திருப்பினார்.

காலிப் பாயை ஒருவன் படுத்தபடி பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. ஆக்லாந்தில் அத்தனை வருஷமும் அதை நின்றபடிதான் பார்த்திருந்தார், ஓடுகிறவனுடைய இடத்திலிருந்து. மாலாகி பார்த்தது இதைத்தான்.

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஒரு நாழி கூட ஆகாது யோயேலு," என்றார் லேவி.

"தெரியும்."

"பயமா?"

"இல்ல."

லேவி அவர் முகத்தை வெகு நேரம் பார்த்தார். பயந்தவன் முகம் எப்படி இருக்கும் என்பது அந்த ஊரில் அவரைவிட யாருக்குத் தெரியும்? சீப்பைத் துடைத்துத் துணியில் சுற்றத் தொடங்கினார்.

பின்வரிசையில் ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம், கேட்கும்படியாகவே சொன்னார்: "ரெண்டாந்தரமும் ஓடுறான்யா."

 பாட்டு நின்றுபோயிருந்தது.

லிடாரா திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். "எழுந்தது யாரு?"

"நான்தான்."

"வலிக்குதா அண்ணே?"

"இல்ல லிடாரா. பெனி இல்லாம இதை வாங்கிக்க முடியாது."

 கடலில் அலை உடையும் சத்தம் மட்டும் இருந்தது. அவள் தோள்கள் ஒருமுறை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். அம்மா தந்துவிட்டுப் போன கடமை அவள் மடியில் இருந்தது. அதைக் காப்பாற்ற அவளுக்கு இருந்த ஒரே நாள் அது.

"சரி," என்றாள். "துணியைச் சுத்திக்கிட்டு வாங்க. சாப்பாடு எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

பிறகு எழுந்து, அண்ணன் பக்கம் பார்க்காமல் பக்கவாட்டில் நடந்தே லேவியிடம் வந்து, சுருட்டிய பாயை அவர் முன்னால் வைத்தாள். "உங்க வேலையில குறை இல்ல. இது உங்களுது." லேவி பாயைத் தலைக்குமேல் தூக்கி, குனிந்து வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பெனியமினா அண்ணனின் வயிற்றைத்தான் முதலில் பார்த்தான். இடுப்புத்துணிக்கு மேலே வெறும் தோல்.

"எங்கய்யா முத்திரை?"

"வாங்கலை."

"வாங்கலையா?" அவன் எழுந்து உட்காரப் பார்த்தான். "புத்தி கெட்டுப்போச்சா? நான் எதுக்குப் படுத்தேன்? இத்தனை நாள் மாடு மாதிரிக் கிடந்து கத்தினது எதுக்கு? அம்மா நாற்பது வருஷமா அந்தப் பாய் மேல படுத்துக் கிடந்தாங்களே, அவங்களுக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள். லிடாரா கறித்துண்டை இலையில் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"அம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன்," என்றார் யோயேலு. "ஒருத்தனை விட்டுட்டு எழுந்து போனேன். அது பாதியில நின்னுது. உன்னை விட்டுட்டு முடிச்சா, அதுவும் பாதிதான்டா."

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பழக்கந்தான்."

"எனக்குப் பழக்கமில்லையே. இப்ப நானும் பாதிதான?"

"ஆமா. நீயும் பாதிதான்."

பெனியமினா கூரையைப் பார்த்தபடி கிடந்தான். கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் போனது. அவன் துடைக்கவில்லை.  கடைசியில் அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்: "அந்தக் கறியையாவது பாதி வைக்காம முழுசாக் குடுங்க." டாக்டர் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு லிடாரா ஒரு சின்னத் துண்டு மட்டும் கொடுத்தாள்.

பெனியமினாவின் கால் பிழைத்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். பேருந்தை மருமகனிடம் கொடுத்துவிட்டு, ஏழெட்டு வருஷம் முன்சீட்டில் உட்கார்ந்து பாட்டுப் பெட்டியை மட்டும் கவனித்துக்கொண்டான். சிறுநீரகம் பழுதாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இறந்தான். லேவி கண் மங்கியதும் சீப்பைத் தன் தம்பி மகனிடம் ஒப்படைத்தார். இப்போது மகளோடு தலைநகர் ஆபியாவில் இருக்கிறார். இரண்டாந்தரமும் ஓடுகிறான் என்று சொன்ன கிழவர் அதை மாற்றிச் சொல்லாமலே செத்தார். லிடாரா எங்கள் ஊர்ப் பெண்கள் குழுவுக்குத் தலைவி, பாய் நெய்கிறாள். யோயேலுவுக்கு எண்பது நெருங்குகிறது. தம்பி போன பிறகு, தொப்புளை முடித்துக்கொள்ளலாமா என்று லேவியின் தம்பி மகன் வந்து கேட்டான். வேண்டாம் என்று சொல்லி, சாப்பிடவைத்து அனுப்பினார்.